உச்சிக்கு நட்ட கோல்

2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி வியாழக்கிழமை காலை, பாபநாசத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் உள்ள திருமேனிப்படுகை கிராமத்தில், பரிதி என்ற முப்பத்தாறு வயது விவசாயி, வெள்ளம் ஏறிய ஆற்றுப் படுகையில் இருந்த தன் மோட்டாரைக் கழற்றி எடுக்க இறங்கியவர் திரும்பி வரவில்லை. கரையில் அவருடைய பைக்கும் செருப்பும் மண்வெட்டியும் இருந்தன. தீயணைப்புத் துறையினர் ஐந்து நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காததால் காவல் நிலையத்தில் 'ஆள் காணவில்லை' என்று பதிவானது. காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றத்தில் கேட்டு வாங்குவதற்கு ஏழு வருஷம் ஆக வேண்டும் என்று கும்பகோணத்து வக்கீல் சொன்னார். பரிதியின் மனைவி செங்கமலம் அவர் எதிரிலேயே விரல்விட்டு எண்ணினாள். 2031 ஆகஸ்ட். மகள் மதிக்கு அப்போது பதினாறு வயது ஆகியிருக்கும்.

செங்கமலம் மன்னார்குடிக்காரி. ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்குப் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் அந்த வேலையைப் பார்த்தும் இருக்கிறாள். பரிதி நல்லவன்தான். சண்டை போட்டால் அன்று இரவே சிரித்துவிடுவான். தண்ணீர் வந்த அன்று, "மோட்டார் போனா போகட்டும், இறங்காதீங்க" என்று அவள் சொன்னாள். "இடுப்பளவுதாண்டி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தத் தண்ணீரை அவள் பார்த்தவள். அவன் இல்லை என்பது அவளுக்கு அன்றைக்கே தெரியும். முதல் மாதம் முழுக்க அழுதாள். பிறகு அழுவதற்கும் இடமில்லாமல் போனது. அழுதால் மாமியார் மதுரம், "உயிரோட இருக்கறவனுக்கு எதுக்குடி ஒப்பாரி?" என்பாள். அழாமல் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரி, "கல்நெஞ்சு" என்பாள்.

அவளை யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. சோறு இருந்தது. ஆனால் கோயில் திருவிழாவில் விளக்கெடுக்கும் பெண்களோடும் அவளைச் சேர்க்கவில்லை, ஒதுங்கி நிற்கும் பெண்களோடும் சேர்க்கவில்லை. ஒரு வளைகாப்புக்குப் போனபோது வளையல் தட்டு அவளுக்கு எதிரில் வந்து, ஒரு கணம் நின்று, அடுத்தவளிடம் போனது. நீட்டியவளுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை.

2025 ஏப்ரல் 9ஆம் தேதி சேலத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் பரிசோதனைக்கூட வேலை. தங்க ஒரு அறை, குழந்தையோடு இருக்கலாம். ஏப்ரல் 21, திங்கட்கிழமை காலை வந்து சேர வேண்டும்.

கடிதத்தை அவள் மாமியாரிடம் கொடுக்கவில்லை. படித்துக் காட்டினாள். மதுரம் முற்றத்தில் உளுந்தைக் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"போயேன். யாரு பிடிச்சு வச்சிருக்கா?" என்றாள் மதுரம்.

"மதியையும் கூட்டிட்டுப் போறேன் அத்தை."

துழாவிக்கொண்டிருந்த கால் நின்றது. "புள்ள இங்கதான் இருக்கும். அப்பன் வந்து வாசல்ல நின்னு கூப்பிடறப்ப, குரல் குடுக்க ஒரு ஆள் வேணாமா?"

"வருவாருன்னு இன்னும் நம்பறீங்களா?"

"வரமாட்டான்னு உனக்கு யாரு வந்து சொன்னா?"

செங்கமலம் மன்னார்குடிக்கு போன் செய்தாள். அவள் அப்பா நெடுநேரம் கேட்டுவிட்டு, "புருஷன் கதி தெரியறதுக்கு முன்னாடி புள்ளையத் தூக்கிட்டு ஓடிட்டான்னு பேரு வந்துரும்மா. அவங்க வாயாலயே போன்னு சொல்லட்டும்" என்றார். மதியோ, அப்பா வெளிநாட்டுக்குப் போயிருக்கிறார் என்று வகுப்பில் சொல்லிவைத்திருந்தது. எந்த நாடு என்று டீச்சர் கேட்டதற்கு, ஆறு போகிற நாடு என்று சொன்னதாம்.

நாலாம் நாள் ராத்திரி சாப்பாட்டின்போது மதுரமே பேச்செடுத்தாள். "சாயை கேட்டுருவோம். விழுந்துச்சுன்னா நானே கருமாதி பண்ணி, உன்னையும் புள்ளையையும் பஸ் ஏத்தி விடறேன். சத்தியம். விழலைன்னா நீ சேலம்கற பேச்ச எடுக்கக் கூடாது. நீ சத்தியம் பண்ணு."

சாயை என்றால் நிழல். சாயை கேட்பது என்பது கொள்ளிடத்தின் தென்கரையில் நாலைந்து ஊர்களில் மட்டும் உள்ள வழக்கம். அந்த ஊர்களைத் தாண்டினால் அந்தச் சொல்லே யாருக்கும் தெரியாது. உயிரோடு இருப்பவனின் நிழல் அவன் காலோடு கிடக்கும். செத்தவனின் நிழலுக்குக் கால் இல்லை. அது அவன் கைபழகிய பொருளைத் தேடி வரும். அதனால் காணாமல் போனவன் பிடித்த மண்வெட்டியின் காம்பையோ துடுப்பையோ தரையில் செங்குத்தாக நட்டு, அடியில் பச்சரிசி மாவால் இரண்டு விரல் அகலத்துக்கு வளையம் போடுவார்கள். உச்சிப் பொழுதில் நிழல் வளையத்தைத் தாண்டி விழுந்தால் ஆள் இல்லை. விழாவிட்டால் இருக்கிறான். ஒருவருக்கு ஒரு தடவைதான் கேட்கலாம். மதுரத்தின் கொழுந்தன் ஒருவர் புயலில் போனபோது கேட்டிருக்கிறார்கள். "விழுந்துச்சு. அன்னிக்கே அழுது முடிச்சோம்" என்றாள் மதுரம்.

செங்கமலம் மதியின் தலையில் கைவைத்து சத்தியம் செய்தாள்.

சாயை கேட்கிற உரிமை காத்தமுத்து என்ற கொத்தனாரின் குடும்பத்துக்கு. ஏப்ரல் 14, தமிழ் வருஷப் பிறப்பன்று, செங்கமலம் தேடிப் போனபோது அவர் ஐயம்பேட்டையில் ஒரு வீட்டுச் சுவரில் வேலையாக நின்றிருந்தார். முதலாளி அவசரப்படுத்துகிறார், நாள் கிழமை பார்க்க முடியவில்லை என்று அவராகவே சொல்லிக்கொண்டு சாரத்திலிருந்து இறங்கிவந்தார்.

"வெள்ளிக்கிழமை, பதினெட்டாம் தேதி வச்சுக்கலாமா அண்ணே?"

"சித்திரை அஞ்சாச்சே. முடியாதும்மா. பங்குனி கடைசிலேருந்து சித்திரை பதினஞ்சு வரைக்கும் கேக்கறதில்லை. ஆவணியிலயும் அப்படித்தான், முதல் பதினஞ்சு நாள்."

"ஏன்?"

"தெரியாது. அப்பா சொன்னாரு, அவருக்கு அவங்க அப்பா சொன்னாரு. சித்திரை இருபதுக்கு மேல வச்சுக்குங்க."

"இருபத்தொண்ணாம் தேதி காலையில நான் சேலத்துல இருக்கணும். வெள்ளிக்கிழமை அரசாங்க விடுமுறை, அன்னிக்குத்தான் அவரோட அண்ணன் தஞ்சாவூர்லேருந்து வர முடியும். கூடப் பொறந்த ஆம்பளை நிக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க? சனி, ஞாயிறுலயும் கேக்க மாட்டீங்க."

காத்தமுத்து கரண்டியிலிருந்த கலவையைச் சட்டியின் விளிம்பில் வழித்தார். 

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் கேட்டிருக்கீங்க அண்ணே?"

"நான் எடுத்துக்கிட்டப்புறம் பதினொண்ணு."

"அதுல எத்தனை விழுந்துச்சு?"

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். மேலே சாரத்தில் நின்ற சித்தாள் காதில் விழாத குரலில், "பதினொண்ணும்" என்றார்.

 வெயிலில் நட்ட கோலுக்கு நிழல் விழாமல் எங்கே போகும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு அது ரொம்ப நாளாகத் தெரியும் என்பதும் உறைத்தது.

"வீட்டுல ஒரு முடிவுக்கு வந்துட்டுத்தாம்மா எங்கிட்ட வர்றாங்க," என்றார் காத்தமுத்து. "அத வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தெம்பில்லை. கோலு சொல்லிட்டுப் போவுது. இதுல நான் காசு வாங்கறதில்லை."

"அப்ப எந்தத் தேதியா இருந்தா என்ன?"

அவள் கேட்டதில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். தாத்தா காலத்து ஐதீகம், அதற்கு இந்தப் பெண்ணின் பிழைப்பு கெட வேண்டுமா என்று நினைத்திருக்கலாம். "வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு வந்துடறேன்" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வருகையில் செங்கமலத்துக்கு எட்டு மாதத்தில் முதல் தடவையாகப் பசித்தது. கூடவே உறுத்தியது. கிழவியை ஏமாற்றுகிறோமா என்று தன்னையே கேட்டாள். ஏமாற்றவில்லை, செத்தவரைத்தானே செத்தார் என்று சொல்லப்போகிறது என்று பதிலும் சொல்லிக்கொண்டாள். மறுநாள் மதியின் துணிகளைத் துவைத்துத் தனியாக மடித்து வைத்தாள். ஞாயிறு சாயங்காலம் கும்பகோணத்தில் ஏறுகிற பஸ்ஸுக்கு இரண்டு சீட் போட்டாள்.

வெள்ளிக்கிழமை படுகை ஓரத்தில், பைக் நின்ற இடத்துக்குக் கீழே, முப்பது பேர் கூடியிருந்தார்கள். பரிதியின் அண்ணன், கல்யாணம் என்று பெயர், தஞ்சாவூரிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார். பள்ளிக்கூடம் ஒன்றில் அலுவலக உதவியாளர் வேலை அவருக்கு. தம்பியின் மண்வெட்டிக் காம்பைக் கொண்டுவந்து கொடுத்தவர், கொடுத்த கையைத் துண்டில் துடைத்துத் துடைத்து நின்றார். ஆறு வற்றி, நடுவில் வெறும் மணலும் ஓரமாக ஒரு ஓடைத் தண்ணீரும் இருந்தது.

காத்தமுத்துவின் அப்பா காலத்தில் கோலைக் கையால் குத்தி ஊன்றுவார்களாம். இவர் கொத்தனார். கோணலாக ஒன்றை நட்டுவிட்டுப் போக அவர் கை ஒப்பாது. தரையை மட்டப்பலகை வைத்துச் சமப்படுத்தினார். காம்பை இறக்கி மண்ணைக் கெட்டித்தார். தூக்குக்குண்டை நாலு பக்கமும் பிடித்துப் பார்த்து, ஒரு நூல் அளவு கிழக்கே தட்டி, மறுபடி பிடித்துப் பார்த்தார்.

"சொவரா எழுப்பப் போறே?" என்றார் கூட்டத்தில் ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"கேக்கறத நேரா கேக்கணும்ல," என்றார் காத்தமுத்து.

மாவு வளையம் போட்டார். அப்போது மணி பதினொன்றே முக்கால் இருக்கும். மூன்றடிக் காம்பின் நிழல் மேற்கே வளையத்துக்கு வெளியே நான்கு விரல் நீண்டிருந்தது. மதுரம் அதைப் பார்த்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள்.  அத்தை, உங்களுக்கு இன்னும் அரை மணி நேரம்தான் என்று செங்கமலம் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மதி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. பிஞ்சுக் கை வேர்த்திருந்தது.

உச்சியை நெருங்கும்போது நிழல் சுருங்கும். சுருங்கிச் சுருங்கி ஓரிடத்தில் நின்று, பிறகு மறுபக்கம் நீளும். அது நிற்கிற இடத்தைத்தான் காத்தமுத்து படிக்க வேண்டும். பன்னிரண்டுக்கு நிழல் வளையத்தின் விளிம்பைத் தொட்டது. பன்னிரண்டு ஐந்துக்கு மாவின் மேல் கிடந்தது. காத்தமுத்து குனிந்தார். இன்னும் நிற்கவில்லை. மாவைக் கடந்து உள்ளே போனது. அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். செங்கமலம் அவர் முகத்தைப் பார்த்தாள். கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது, கை எதையோ தேடுவதுபோல மண்ணில் அலைந்தது.

பன்னிரண்டு பத்துக்குக் காம்பின் அடியில் ஒரு கறுப்பு நூல்போல ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை. வளையத்துக்குள் மண் நாலு பக்கமும் ஒரே வெளிச்சமாக இருந்தது.

 காத்தமுத்து காம்பைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார். முழு வட்டம். வந்து செங்கமலத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பயம்.

அவள் குனிந்தாள். தன் நிழலைக் காணவில்லை. கால் பாதத்தைச் சுற்றி ஒரு கறுப்புத் திட்டு மட்டும் இருந்தது. பக்கத்தில் நின்ற கல்யாணத்துக்கும் அப்படித்தான். தண்ணீர்க் குடத்தின் நிழல் குடத்துக்கு அடியிலேயே இருந்தது. மேலே பார்த்தாள், சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நின்றது.

"பாருங்க," என்றாள். குரல் வரவில்லை. மறுபடி, "எல்லாரும் பாருங்க, யாருக்குமே நிழல் இல்ல. குடத்துக்கு இல்ல, எனக்கு இல்ல. இது வெயில்..."

"அப்பா இருக்காரு!" என்று கத்தியது மதி.

கையை உதறிக்கொண்டு பாட்டியிடம் ஓடியது. மதுரம் பேத்தியைக் கட்டிக்கொண்டு மணலிலேயே சாய்ந்துவிட்டாள். எட்டு மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், மார் நிறைய அழுதாள். பெண்கள் குலவையிட்டார்கள். "எனக்குத் தெரியும் ஆத்தா, எனக்குத் தெரியும்" என்று மதி சொல்லிக்கொண்டே இருந்தது. கல்யாணம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். யாரோ ஒருத்தி செங்கமலத்தின் நெற்றியில் குங்குமத்தை அழுத்தி வைத்தாள். இன்னொருத்தி கனகாம்பரத்தைத் தலையில் சொருகினாள். வளைகாப்பில் அவளைத் தாண்டிப் போன கைகள்தான் அவை.

வெயில் என்று சொல்ல வந்த வாய் திறந்தபடியே இருந்தது. சொல்வதென்றால், உன் அப்பா செத்துவிட்டார் என்று அந்தக் குழந்தையிடம், அத்தனை பேருக்கு நடுவில் சொல்ல வேண்டும். செங்கமலம் சொல்லவில்லை. பன்னிரண்டரைக்குக் காம்பின் கிழக்கே நிழல் மறுபடி தலைநீட்டி மாவைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவளைத் தவிர யாரும் நிற்கவில்லை.

மறுநாள் காலை டீக்கடையிலிருந்து பேப்பரைக் கல்யாணமே வாங்கிவந்தார். உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி. தஞ்சை வட்டாரத்தில் நேற்று நிழல் இல்லா நாள். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரலிலும் ஆகஸ்டிலும், நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் வரும்போது செங்குத்தான பொருள்களுக்கு நிழல் விழாது. அறிவியல் ஆர்வலர்கள் சிறுவர்களுக்குக் குச்சி நட்டுக் காட்டினார்கள் என்று இருந்தது. படமும் போட்டிருந்தார்கள். ஒரு டம்ளர், ஒரு குச்சி, சுற்றிலும் பிள்ளைகள்.

செங்கமலம் அதை மாமியாரிடம் வரிவரியாகப் படித்தாள். மதுரம் பொறுமையாகக் கேட்டாள்.

"ஊருல எவனுக்கும் நிழல் விழலங்கறே."

"ஆமா அத்தை. எவருக்குமே."

"அந்த எவனெல்லாம் உசுரோடதானே இருக்கான்?"

செங்கமலம் பேப்பரில் அதற்கு ஒரு வரி தேடினாள். கிடைக்கவில்லை. கல்யாணம் பேப்பரை வாங்கி மறுபடி ஒரு தரம் படித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் மடித்த விதத்திலேயே தெரிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "நான் பஸ்ஸுக்குப் போறேன்" என்று எழுந்தார்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க."

"எங்கம்மா நேத்து ராத்திரி வயிறாரச் சாப்பிட்டுச்சும்மா," என்றார் கல்யாணம். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் காத்தமுத்து தானாகவே வந்தார். வாசலில் நின்றபடி, "பெரியம்மா, நான் செஞ்சது தப்பு. நாள் தப்பு, கோலும் தப்பா நட்டுட்டேன். இந்தக் கேள்வி செல்லாது" என்றார். வரும் வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்போல ஒரே மூச்சில் சொன்னார்.

"நீ தூக்குக்குண்டு வச்சு நட்டத நாந்தான் உக்காந்து பாத்தனே," என்றாள் மதுரம். "பதினோரு பேருக்குக் கோணலா நட்டியா, எம் புள்ளைக்குக் கோணலா நட்டியா? எதுன்னு சொல்லிட்டுப் போ."

பதினோரு வீடுகளில் கருமாதி முடிந்துவிட்டது. மூன்று பெண்களுக்கு மறுகல்யாணமும் ஆகியிருந்தது. காத்தமுத்து சைக்கிள் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு தடவை கேக்கலாமா அண்ணே? சித்திரை இருபதுக்கப்புறம்?" என்றாள் செங்கமலம், அவர் சைக்கிளை எடுக்கும்போது.

"ஒருத்தருக்கு ஒரு தடவைதாம்மா. நான் கேட்டாலும் உங்க அத்தை வந்து நிக்க மாட்டாங்க." கொஞ்சம் தயங்கி, "அந்தப் பதினஞ்சு நாள் எதுக்குன்னு நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. ராத்திரியில் பரிதிக்கு ஒரு தட்டில் சோறு வைத்து மூடினார்கள். செங்கமலம் பூ வைக்காமல் வெளியே போனால் மதி கூப்பிட்டு நிறுத்தியது. திருவிழாவில் முதல் வரிசையில் விளக்கெடுக்க ஆள் அனுப்பி அழைத்தார்கள். கடைத்தெருவில் பார்ப்பவர்கள், "சேதி ஏதும் வந்துச்சா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார்கள். அவளும் இன்னும் இல்லை என்றாள்.

பஸ் ஏற வேண்டிய அந்த ஞாயிறு காலை ஒரு தடவை, மதுரம் குளிக்கப் போயிருந்தபோது, அவள் மதியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். "சேலத்துக்குப் போலாமா? அம்மாவும் நீயும் மட்டும்" என்று கேட்டாள்.

"நம்ம போயிட்டா அப்பாவுக்கு யாரு கதவு தொறக்கறது?" என்றது மதி. பிறகு, பெரிய மனுஷிபோலத் தாயின் கன்னத்தைத் தட்டி, "சத்தியம் பண்ணிருக்கேல்ல, எந்தலையில" என்றது.

செங்கமலம் பஸ் டிக்கெட்டை ரத்து செய்தாள். சேலத்துக்கு போன் செய்து ஒரு மாதம் அவகாசம் கேட்டாள். ஏப்ரல் 30 வரை பார்ப்போம் என்றார்கள். 30ஆம் தேதி அவர்களே கூப்பிட்டார்கள். அவள் வர முடியாது என்றாள்.

மே 2ஆம் தேதி அந்த வேலையில் தர்மபுரியைச் சேர்ந்த ஒரு பெண் சேர்ந்தாள். ஜூன் 2ஆம் தேதி பள்ளி திறந்தபோது, மதி அதே ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் போனது.